சம்பளத்தில் பிடித்த கல்விக்கடன்: கூடுதலாகப் போன பணத்தைக் கேட்டு வாங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் கல்விக்கடன் பற்றிய பொதுப் பேச்சு பெரும்பாலும் இரண்டு சொற்களுக்குள் முடங்கிவிடுகிறது. தேர்தல் மேடையில் அது ‘தள்ளுபடி’. வங்கியாளர் கூட்டத்தில் அது ‘வாராக்கடன்’. கடனை மாதந்தோறும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்த இரண்டு பேச்சிலும் இடமில்லை. அவரது சம்பளத்திலிருந்து போகும் தொகை சரியானதுதானா, கட்ட வேண்டியதைவிடக் கூடுதலாகப் பிடிக்கப்படுகிறதா, பிடித்த பணம் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று எவரும் கேட்பதில்லை. தள்ளுபடி கேட்பது அரசிடம் வைக்கும் கோரிக்கை. கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பிக் கேட்பதோ நமக்குச் சேர வேண்டிய கூலியைக் கேட்பதாகும். இந்த இரண்டாவதைப் பற்றியே இக்கட்டுரை.

பிரிட்டனில் மாணவர் கடன் சம்பளப் பட்டியல் வழியாகவே வசூலாகிறது. குறிப்பிட்ட வருமான வரம்புக்கு மேல் ஈட்டும் தொகையில் 9 விழுக்காட்டை, இளநிலைப் படிப்புக்கான கடனுக்காக, முதலாளி பிடித்து வரித்துறைக்கு அனுப்புகிறார். வரித்துறை அதை மாணவர் கடன் நிறுவனத்துக்குத் தெரிவிக்கிறது. அங்கும் தவறுகள் நேர்கின்றன. கடன் தீர்ந்த பிறகும் பிடித்தம் தொடர்வது, வேறு வகைத் திட்டத்தின் கீழ் பிடித்துவிடுவது, ஆண்டு வருமானம் வரம்பைத் தொடாதபோதும் ஒரு மாதம் போனஸ் வந்ததால் பிடித்துவிடுவது என அவை பலவகை. ஆனால் கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பிக் கேட்க ஒரே ஒரு வாசல் அங்கு இருக்கிறது. கடைசி இரண்டு ஆண்டுகளில் சம்பளப் பிடித்தத்தை விட்டு, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டும் முறைக்கு மாறிக்கொள்ளவும் வழியுண்டு.

இந்தியாவில் அப்படியொரு ஒற்றை வாசல் கிடையாது. கடன் கொடுத்த வங்கி ஒன்று. சம்பளம் வரும் வங்கி வேறொன்று. சம்பளம் போடும் நிறுவனம் மூன்றாவது. வட்டி மானியம் தரும் ஒன்றிய அரசு நான்காவது. முழுக் கணக்கும் இவர்களில் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதைப் பார்க்கக்கூடியவர் கடன் வாங்கியவர் ஒருவர்தான். அவர் கேட்காதவரை தவறு தவறாகவே தொடரும்.

கேட்பதுதான் கடினம். நொய்யல் பாயும் வெள்ளியங்கிரி அடிவாரத்துத் தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் பாக்கும் தென்னையும் வாழையும் விளைகின்றன. கொங்கு நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் நிலம் பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினரிடம் உள்ளது. தோட்டத்துக் கூலி வேலையும் தூய்மைப் பணியும் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர் தலையில் உள்ளன. கூலியைப் பிடித்து வைப்பது கொங்குக்குப் புதிதன்று. பண்ணையத்துக்கு ஆள் சேர்க்கும்போது கொடுத்த முன்பணத்துக்கு எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்பது பண்ணையக்காரரின் நோட்டில் மட்டுமே இருந்தது. கோவை, திருப்பூர் நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ இளம்பெண்களின் கூலியில் ஒரு பகுதியை மூன்று ஆண்டுகள் பிடித்து வைத்து, இறுதியில் மொத்தமாகத் தருவதாகச் சொன்னது. இடையில் விலகியவர்கள் அதை இழந்தனர். ‘பிடித்தம்’ என்று எழுதியிருந்தால் அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடும் பழக்கம் இப்படி வளர்ந்ததே. பட்டப்படிப்பு முடித்து ஐ.டி. நிறுவனத்தில் சேர்ந்த தலைமுறையிடமும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பணம் போகும் வழிகள்

இந்தியாவில் கல்விக்கடனுக்காகச் சம்பளத்திலிருந்து பணம் போவது பெரும்பாலும் ‘நாச்’ ஆணை வழியாகத்தான். கடன் வாங்கியவர் ஒருமுறை கையெழுத்திட்டுக் கொடுத்தால், சம்பளக் கணக்கிலிருந்து மாதந்தோறும் குறிப்பிட்ட நாளில் தவணை தானாகக் கழியும். இந்தப் படிவத்தில் ‘நிலையான தொகை’, ‘உச்சத் தொகை’ என இரண்டு தேர்வுகள் உண்டு. உச்சத் தொகையைத் தேர்ந்தெடுத்து, தவணையைவிடப் பெரிய எண்ணை எழுதியிருந்தால் அந்த வரம்பு வரை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். கையெழுத்திட்டவர்களில் பலர் இந்த வரியைப் பார்த்ததே இல்லை.

சில இடங்களில் வேலை தரும் நிறுவனமே தவணையைப் பிடித்து வங்கிக்கு அனுப்ப ஒப்புக்கொள்கிறது. பெற்றோர் உள்ளாட்சியிலோ அரசுத் துறையிலோ நிரந்தரப் பணியாளராக இருந்தால் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கடன் எடுத்திருப்பார். அது அவரது சம்பளப் பட்டியலில் நேரடிப் பிடித்தமாக வரும். கடைசி வழி, நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் சம்பளத்தைப் பற்றுகை செய்வது.

ஒரே குடும்பத்தில் இவற்றில் இரண்டு வழிகள் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் சிக்கல். வங்கிக் கல்விக்கடனில் தந்தையோ தாயோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருப்பார். மகளின் சம்பளக் கணக்கில் நாச் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மாதத் தவணை திரும்பிவிட்டது என்று தந்தையின் கணக்கிலிருந்தும் வங்கி எடுத்துக்கொண்டால், அந்த மாதத்துக்கு இரண்டு தவணைகள் போய்விடும். கூடுதல் தவணையை அசலில் கழித்தார்களா, வேறு கட்டணத்தில் வரவு வைத்தார்களா என்பதைக் கணக்கு விவர அறிக்கையில்தான் பார்க்க முடியும். பாஸ்புக் வரிகள் இதற்குப் போதா. தாயின் கணக்கும் தப்புவதில்லை. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கியபோது, அந்த 1,000 ரூபாயைக் கூட வங்கிகள் கழித்துக்கொள்வதாகப் புகார்கள் எழுந்தன. அப்படிச் செய்யக்கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

கசிவு எங்கே?

பெரிய கசிவு வட்டி மானியத்தில் இருக்கிறது. 2009-10 கல்வியாண்டிலிருந்து ஒன்றிய அரசின் கல்விக்கடன் வட்டி மானியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, மாணவர் தொழில்நுட்ப அல்லது தொழிற்படிப்பு படித்தால், படிப்புக் காலத்துக்கும் அதன் பிறகான ஓராண்டுக்கும் உரிய வட்டியை அரசே கட்டும். இதற்குச் சாதிச் சான்று தேவையில்லை. வருமானச் சான்றே போதும். ஆனால் மாணவர் நேரடியாக விண்ணப்பித்துப் பணம் பெறும் திட்டம் அன்று இது. கடன் கொடுத்த வங்கிதான் உரிய காலத்தில் இதற்கான கோரிக்கையை அனுப்ப வேண்டும். கிளை அதைத் தவறவிட்டால் வட்டி முழுவதும் மாணவர் தலையில் ஏறும்; ஏறியது எவருக்கும் தெரியாது.

அது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு மாணவி நான்காண்டு பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் ரூபாய் கடன் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 விழுக்காடு. விடுப்புக் காலத்தில் தனிவட்டிதான் போட வேண்டும். முதலாம் ஆண்டுக் கடனுக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. மொத்தம் 1.4 லட்சம். மானியம் வந்திருந்தால் அவர் 4 லட்சத்துக்குத் தவணை கட்டத் தொடங்குவார். பத்தாண்டுகளில் கட்டுவதானால் மாதம் சுமார் 5,286 ரூபாய். மானியம் வராவிட்டால் அசல் 5.4 லட்சமாகும், தவணை சுமார் 7,136 ரூபாய். மாதம் 1,850 ரூபாய் வேறுபாடு. பத்தாண்டுகளில் இது 2.22 லட்சம் ரூபாய். வாங்கிய கடனில் பாதிக்கும் மேல். இதில் திருட்டு எதுவும் நடக்கவில்லை. ஒரு கிளை அலுவலர் ஒரு கோரிக்கையை அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கு இன்னொரு கசிவும் உண்டு. 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்துக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலிருந்து வழி செய்தது. அரசுப் பணம் வரும்வரை காத்திருக்க முடியாது என்று கல்லூரி சொன்னதால் கட்டணத்துக்கு வங்கிக் கடன் எடுத்த மாணவர்கள் உண்டு. பின்னர் உதவித்தொகையும் கல்லூரிக்கு வந்தால், ஒரே கட்டணத்துக்குக் கல்லூரி இருமுறை பணம் பெற்றதாகிறது. அந்தத் தொகை கடன் கணக்குக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாத ஒவ்வொரு ரூபாய்க்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர், இப்போது வேலைக்குப் போய்ச் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்கும் அந்த மாணவரே. ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் அவர் பெயருக்கு வழங்கப்பட்ட தொகை விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் இது வெளியே வரும். 2021-22 முதல் ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் கணக்குக்கே நேரடியாக வருவதால், பிந்தைய ஆண்டுகளில் இந்தக் குழப்பத்தின் வடிவம் மாறியிருக்கிறது.

வங்கியின் கணக்குப் போடும் முறையிலும் கூடுதல் வசூல் ஒளிந்திருக்கலாம் என்பதை ரிசர்வ் வங்கியே ஒப்புக்கொண்டது. 2024 ஏப்ரல் 29 தேதியிட்ட அதன் சுற்றறிக்கை, சில வங்கிகள் பணம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்லாமல் கடன் ஒப்புதலான நாளிலிருந்தே வட்டி போடுவதையும், மாதத்தின் நடுவில் கொடுத்த கடனுக்கும் முழு மாத வட்டி வசூலிப்பதையும் சுட்டிக்காட்டியது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்றது. தவணை தவறினால் அபராத ‘வட்டி’ போடக்கூடாது, அபராதக் ‘கட்டணம்’ மட்டுமே வாங்கலாம், அதையும் அசலில் சேர்த்து வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை சொன்னது. இது 2024இல் நடைமுறைக்கு வந்தது. கல்விக்கடனை நான்கு கட்டமாகப் பெறுபவருக்கு முதல் சுற்றறிக்கை மிக முக்கியமானது. நான்காம் ஆண்டில் வந்த பணத்துக்கு முதலாம் ஆண்டு முதல் வட்டி போட்டிருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாலே போதும்.

கடன் கைமாறும்போதும் பணம் தொலைகிறது. 2015இல் பாரத ஸ்டேட் வங்கி வாராக் கல்விக்கடன்களை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றது. 2016 ஜூலையில் மதுரையைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி இளைஞர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். வசூல் முகவர்களின் நெருக்கடியே காரணம் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர். அந்தக் கொடுமையை ஒட்டிய ஒரு சட்டக் கூறு அதிகம் பேசப்படவில்லை. கடன் விற்கப்பட்டதை நமக்கு முறையாகத் தெரிவிக்கும்வரை பழைய வங்கிக்குக் கட்டிய பணம் செல்லுபடியாகும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 130ஆவது பிரிவு அதைப் பாதுகாக்கிறது. ‘எங்களுக்கு வரவில்லை’ என்று புதிய நிறுவனம் மறுபடி கேட்டால் இரண்டாம் முறை கட்ட வேண்டியதில்லை.

சட்டம் தரும் பிடிமானங்கள்

தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆவது பிரிவு. 1872இல் எழுதப்பட்ட இந்த ஒற்றை வரியே மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

முதலாளி பிடித்த பணமென்றால் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பைப் பார்க்க வேண்டும். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மீது தொழிற்சங்கங்களும் நாமும் வைக்கும் விமர்சனங்கள் பல. அதற்காக அதில் பயன்படக்கூடியதை விட்டுவிடத் தேவையில்லை. அதன் 18ஆவது பிரிவு எவற்றுக்காகச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று பட்டியலிடுகிறது. கூட்டுறவுச் சங்கக் கடன், நீதிமன்ற ஆணை, நிறுவனம் கொடுத்த முன்பணம் ஆகியவை அதில் உள்ளன. வங்கிக் கல்விக்கடன் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. எனவே நிறுவனம் அப்படிப் பிடித்தால் எந்த அடிப்படையில், எந்த ஒப்புதலின் பேரில் என்று எழுத்தில் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சட்டப்படி கட்ட வேண்டிய கணக்கில் முதலாளி பிடித்த பணத்தைக் கட்டாமல் விட்டால், அந்தத் தவறுக்குத் தொழிலாளி பொறுப்பாக மாட்டார் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறது, கடன் கணக்கில் வரவு இல்லை என்ற நிலையில் இருப்பவர் முதலில் எடுத்து வைக்க வேண்டிய வாதம் இதுவே. முறையற்ற பிடித்தத்துக்கு எதிராக 45ஆவது பிரிவின் கீழ் மூன்று ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் இந்தக் காலம் 12 மாதமாக இருந்தது. பிடித்த தொகையுடன் அதைப் போல் 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்க வழியுண்டு. தொழிற்சங்கமும் தொழிலாளிக்காக மனுச் செய்யலாம்.

கூட்டுறவுச் சங்கப் பிடித்தத்தில் வழி வேறு. கடன் முடிந்த பிறகும் அலுவலகத்துக்குப் பிடித்த நிறுத்தக் கடிதத்தைச் சங்கம் அனுப்பாததால் பிடித்தம் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். உறுப்பினரின் சிக்கனச் சேமிப்பும் பங்குத் தொகையும் சங்கத்திடமே இருப்பதால், கூடுதல் தொகை அங்கே போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். சங்கம் மறுத்தால் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 90ஆவது பிரிவின் கீழ் பதிவாளரிடம் வழக்கிடலாம்.

நீதிமன்றப் பற்றுகைக்கும் எல்லை உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவுப்படி சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. 25,000 ரூபாய் சம்பளத்தில் 17,000 பாதுகாக்கப்பட்டது. 8,000க்கு மேல் பிடித்தால் தவறு. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தாகிவிட்டால் அதன்பின் அந்தத் தீர்ப்புக்காகச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. தோட்டத்துக் கூலியையும் வீட்டு வேலைக் கூலியையும் பற்றுகை செய்யவே முடியாது.

கேட்கும் முறை

வாயால் கேட்டால் ‘சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது’ என்ற பதிலே கிடைக்கும். எழுதித்தான் கேட்க வேண்டும். கடன் தொடங்கிய நாள் முதலான கணக்கு விவர அறிக்கை, ஒப்புதல் கடிதம், ஒவ்வொரு தவணைப் பணமும் கல்லூரிக்கு அனுப்பப்பட்ட தேதிகள், வட்டி மானியம் கோரப்பட்ட ஆண்டுகள், பெற்ற தொகை ஆகியவற்றை முதல் கடிதத்தில் கேட்க வேண்டும். இதுவரை வசூலான அசல், வட்டி, மீதித் தவணைகள், ஆண்டு வட்டி விகிதம் ஆகியவற்றைக் காட்டும் அறிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை தர வேண்டும் என்று மாறும் வட்டிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2023இலேயே ஆணையிட்டுள்ளது. எனவே இது சலுகை கேட்பதாகாது. பொதுத்துறை வங்கி மறுத்தால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு நம் சொந்தக் கணக்கு விவரத்தைக் கேட்கலாம்.

விவரம் வந்ததும் மாத வாரியாக மூன்று பத்திகள் போட்டு எழுதிப் பாருங்கள்: சம்பளச் சீட்டில் பிடித்தது, சம்பளக் கணக்கிலிருந்து கழிந்தது, கடன் கணக்கில் வரவானது. மூன்றும் பொருந்தாத மாதங்களே உங்கள் வழக்கு. அந்த மாதங்களைத் தேதியும் தொகையும் குறிப்பிட்டு இரண்டாவது கடிதத்தில் எழுதி, கூடுதல் தொகையையும் அதனால் ஏறிய வட்டியையும் திருப்பிக் கேட்க வேண்டும். பதிவஞ்சலில் அனுப்புங்கள்; கிளையில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுக்கும் கிளைகள் உண்டு. அதனால்தான் பதிவஞ்சலை முதலில் சொல்கிறோம்.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இணையத்தில் பதியலாம், 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். கோவையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையமும் ஒரு வழி. குறை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் செலவுக்கு அஞ்சுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு எதுவும் பாராமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆவது பிரிவு. 15100 என்ற எண் அதற்கானது.

இதற்கிடையில் தவணையை முழுவதுமாக நிறுத்திவிடும் எண்ணம் பலருக்கு வரும். கோபம் நியாயமானதே. ஆனால் ஒப்புக்கொண்ட தவணையை எதிர்ப்புக் குறிப்புடன் கட்டிக்கொண்டே தகராறான தொகைக்குப் போராடுவதுதான் பாதுகாப்பு. நிறுத்தினால் 90 நாளில் கணக்கு வாராக்கடன் ஆகும், கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் கறை விழும், தம்பியின் கல்விக்கடனுக்கு அதே தந்தை கையெழுத்திட முடியாமல் போகும். ஏற்கெனவே தவறான பதிவு ஏறியிருந்தால் திருத்தக் கோரலாம். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

மக்கள் நீதிமன்றத்தில் ‘ஒரே தவணைத் தீர்வு’ பேச அழைப்பு வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அங்கு ஏற்படும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. கையெழுத்திட்டுவிட்டால், அதுவரை கூடுதலாகப் பிடித்த பணம் பற்றிய பேச்சு அன்றோடு முடிந்துவிடும். மூன்று பத்திக் கணக்கைப் போட்டு முடிக்காமல் அந்த மேசையில் உட்காரக்கூடாது. தீர்வுப்படி கட்டிய பிறகும் பதிவில் கணக்கு ‘முடிக்கப்பட்டது’ என்றிராமல் ‘சமரசம்’ என்று பதிவானால் அடுத்த கடனுக்குப் போகும்போது அது இடிக்கும். எந்தச் சொல் பதிவாகும் என்பதையும் அங்கேயே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கடன் முடியும் நாளில் நிலுவை இல்லாச் சான்றை வாங்கி, அதன் நகலுடன் நாச் ஆணையை ரத்துசெய்யும் கடிதத்தைச் சம்பளக் கணக்கு உள்ள வங்கிக்கும், பிடித்தத்தை நிறுத்தும் கடிதத்தை நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கும் கொடுக்க வேண்டும். வீட்டுப் பத்திரமோ பிற ஆவணமோ வங்கியிடம் இருந்தால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதி. அடுத்த மாதச் சம்பளச் சீட்டையும், அதற்கடுத்த மாதச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள்.